ஆரியசாலையில் கிடைக்காத அரிசி அந்து

போன ஜூன் மாதம் என் அந்துப்பூச்சிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டன. அதற்காகத்தான் திருவனந்தபுரம் போனேன். கோயிலுக்கும் கோவளத்துக்கும் போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் அதிகம் கிடைக்காது. பூச்சி தேடிப் போகிறவர்களுக்கும், தனியாகப் பயணம் செய்கிற என் வயதுப் பெண்களுக்கும் கொஞ்சம் பயன்படலாம். எனக்கு நாற்பத்தேழு வயது.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு வாடகைக் கொட்டகையில் அரிசி அந்து வளர்க்கிறேன். அரிசியில் வலை பின்னிக் கட்டி கட்டியாக்கும் வெள்ளைப் புழு, பிறகு சாம்பல் நிறச் சிறு பூச்சியாகி அடுக்களையில் பறக்குமே, அதேதான். பிளாஸ்டிக் பேசினில் உடைத்த கம்பைப் போட்டு, மேலே காடாத் துணி கட்டி வளர்ப்பேன். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, மிகச் சிறிய குளவி ஒன்றை அவற்றுக்குள் முட்டையிட விடுவேன். அந்த அட்டையை விவசாயிகள் வாங்கிப்போய் நெல்லிலும் கரும்பிலும் கட்டுவார்கள். வெளியே வரும் குளவிகள் வயலில் இருக்கும் துளைப்பான் புழுக்களின் முட்டைகளைத் தேடி அழிக்கும். மருந்து அடிக்கும் வேலை குறையும்.

கொட்டகையில் மூன்று பேர் இருந்தோம். முத்துலட்சுமி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். தொழிலைத் தொடங்கிய ராஜாத்தி அக்காவுக்குப் பூச்சிகளின் சிறகுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்கத் தொடங்கியது. போன தை மாதத்தோடு நின்றுவிட்டார். இப்போது நான் மட்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதால் பேசவும் தோன்றாது. சாயங்காலம் பால் வாங்கும்போதுதான் அன்றைய முதல் வார்த்தையைப் பேசுவேன். குரல் கரகரக்கும்.

ஒரே வழியில் வந்த பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வளர்த்தால் அவை சோர்ந்துவிடும். வெளியிலிருந்து புது ரத்தம் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்து மண்டிகளில் பூச்சி கொல்லும் மாத்திரை வைத்து மூட்டையை அடைத்துவிடுகிறார்கள், புழு இல்லை. ஜூனில் எங்கள் ஊர் காய்ந்து கிடக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் மழை. ஈரக்காற்றில் அந்து நன்றாகப் பெருகும். அங்கேயும் கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு வேறு வேலை தேடலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் யாரும் இல்லை.

காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் பேருந்து ஏறி நாகர்கோவிலில் மாறினேன். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ரயில் இன்னும் சௌகரியம்தான், ஆனால் என்னிடம் எட்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டால் கவலையில்லை. களியக்காவிளை தாண்டியதும் மழை பிடித்தது. தம்பானூரில் இறங்கும்போது பதினொன்று இருக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், அறுநூற்றைம்பது ரூபாய். மேசையில் இருந்தவர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒற்றைக்காணோ?” என்றார். தனியாகவா வந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். மாடிக்குப் பையைத் தூக்கி வந்தவரும் அதையே கேட்டார். சாயங்காலம் சாவி வாங்கும்போது வேறொருவர் கேட்டார். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்.

பழவங்காடி வரைக்கும் நடந்து போய், பிள்ளையார் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, சாலைக் கடைத்தெரு வழியாக ஆரியசாலைக்குள் நுழைந்தேன். தம்பானூரிலிருந்து நிதானமாக நடந்தால் அரைமணி நேரம். மொத்தக் கடைகள் நெருக்கமாக இருக்கும். வத்தல், புளி, அரிசி, பருப்பு, மாட்டுத் தீவனம். முதலாளிகளில் பாதிப்பேர் தமிழ் பேசுவார்கள், அதனால் கஷ்டமில்லை என்று நினைத்தேன். என்ன கேட்கப் போகிறேன் என்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

“உங்க குடோன்ல அந்துப்பூச்சி இருக்குமா?”

இதைக் கேட்டால் எந்த வியாபாரி இருக்கிறது என்பார்? முதல் கடையில் கேட்டதும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். “மேடம் ஃபுட் சேஃப்டியா?” இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. டீ சொல்லட்டுமா என்றார். இரண்டாவது கடையில், “நம்ம சரக்கெல்லாம் கிளீன் ஆக்கும், வேற எடம் நோக்குங்க” என்றார்கள். நாலாவது கடைக்குப் போவதற்குள் என்னைப் பற்றிய செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் நான் நின்றதுமே உள்ளே ஒருவர் அரிசி மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

கடைசியாகக் கோழித்தீவனக் கடை ஒன்று. முதலாளி பெயர் சுடலைமுத்து. ஐம்பது வயது இருக்கும், அப்பா காலத்தில் வள்ளியூரிலிருந்து வந்தவர்கள். நான் ஜாடிகளை வெளியே எடுத்து மேசையில் வைத்து, அட்டை, குளவி, கரும்பு என்று முழுக்கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“காசு கொடுத்துப் பூச்சி வாங்க வந்திருக்கீங்க.”

“ஆமா.”

“என் கடையில இல்லக்கா. சத்தியமா இல்ல, மாத்திரை வெச்சாச்சு. ஆனா ஸ்ரீவராகத்துல ஒரு சாமி உண்டு. வாரம் தப்பாம வருவாரு. வீட்டுக்குள்ள அந்து பறக்குது, என்ன செய்யறதும்பாரு. அரிசியத் தூக்கி எறிங்க சாமின்னு நானும் எத்தனையோ தடவ பறஞ்சாச்சு. செரி செரின்னு போவாரு. அடுத்த வாரம் அதே கேள்வி.”

அவரே போன் செய்தார். மறுமுனையில் இருந்தவர் இரண்டு முறை நம்பாமல் கேட்டது எனக்கே கேட்டது.

ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். ஸ்ரீவராகத்தில் ஓட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெரு. சுடலைமுத்து சொன்ன சாமி, அனந்தநாராயணன், வாசலிலேயே குடையோடு நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது, சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“வாங்கோ. நிஜமாவே பூச்சிக்காகவா வந்தேள்? சுடலைமுத்து கேலி பண்றான்னு நெனச்சேன்.”

உள்ளே சுத்தமான வீடு. கடைசியில் சாமான் வைக்கும் அறை மட்டும் சாத்தியிருந்தது. கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்திருந்தார். அதை எடுத்துக் கதவைத் திறந்ததும் அந்துகள் முகத்தில் வந்து மோதின. பழைய ராஜாத்தி அக்காவாக இருந்தால் சந்தோஷத்தில் துள்ளியிருப்பார். பித்தளைப் பாத்திரங்கள், டின்கள், ஜாடிகள் எல்லாம் வரிசையாக அடுக்கி, மேலே வலையும் தூசியும்.

“லலிதா போய் ரெண்டு வருஷம் ஆறது,” என்றார் பின்னாலிருந்து. “அவ வாங்கி வெச்சதெல்லாம் அப்படியே இருக்கு. எனக்குச் சமையல் வராது. மெஸ்ல சாப்பிடறேன். அது மதி, ஒருத்தனுக்குப் போதும்.”

நான் ஒன்றைப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மனசு விட்டுப்போயிற்று. சிறகின் முன்பாதி வெளிறி, பின்பாதி செம்பு நிறம். இது மாவிலும் உலர்பழத்திலும் வரும் வேறு அந்து. குடும்பம் ஒன்றுதான், என் வேலைக்கு உதவாது. ரவை, கோதுமை, முந்திரி என்று ஒவ்வொரு டின்னாகத் திறந்தேன். எல்லாம் அந்த இருநிறக்காரிதான். சுவரில் உட்கார்ந்திருந்ததும் அதுவே.

மூலையில் பெரிய தகர டின் ஒன்று. மூடியை நெம்பித் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே பச்சரிசி. மேல்பகுதி ஒரே கட்டியாக, கம்பளி போன்ற வலையால் தைத்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு பூச்சி. மங்கிய சாம்பல், புள்ளியோ பட்டையோ இல்லை, நரம்புகள் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தன. பெண் என்பது முகத்துக்கு முன்னால் நேராக நீட்டிய உறுப்புகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆணுக்கு அவை குட்டை. அரிசி அந்து. கொட்டகையில் இருப்பதைவிட நன்றாக வளர்ந்த பூச்சி.

பக்கத்தில் ஓர் ஆண் நின்ற இடத்திலேயே சிறகை அதிரவிட்டுக்கொண்டிருந்தது. அவரும் குனிந்து பார்த்தார்.

“எதுக்கு இப்படி அடிச்சுக்கறது?”

“பெண்ணைக் கூப்பிடுதுங்க. இந்த இனத்துல ஆண்தான் கூப்பிடும். தேன்கூட்டை அரிக்கற மெழுகு அந்துகூட இதுக்குச் சொந்தம், அதுலயும் அப்படித்தான். மத்த அந்துல பெரும்பாலும் பெண்தான் வாசனை விட்டு வரவழைக்கும்.”

“சத்தமே இல்லையே.”

“இருக்கு. நம்ம காதுக்கு எட்டாது. அதுக வயித்துல ஒரு செவி இருக்கு. வௌவால்கிட்டருந்து தப்பிக்க வந்த செவின்னு சொல்றாங்க. இதுக்கும் உதவுது.”

அவர் நிமிரவே இல்லை. பூச்சி நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் டின்னை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல் வந்தது.

“பூச்சியை எடுத்துண்டு போங்கோ. அரிசி வேண்டாம்.”

பறக்கும் பூச்சி ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும், அதற்குச் சாப்பாடே கிடையாது, ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதி செத்துவிடும், புழுக்கள் அரிசிக்குள் இருக்கின்றன, அவைதான் முக்கியம் என்றெல்லாம் விளக்கினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவ கடைசியா வாங்கினது ஆக்கும். பொண்ணு வரான்னு முறுக்குக்காக. பொண்ணு வரலை, அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு வாங்கோ,” என்றார்.

டின்னிலிருந்து வெளியே வந்த பூச்சிகளை மட்டும் ஜாடியில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வற்புறுத்தியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலத்தைப் போல நீண்ட சாயங்காலம் எனக்கு நினைவில்லை. கிழக்கேகோட்டையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். ஓர் ஓட்டலில் தோசை சாப்பிட்டேன். எதிர் நாற்காலியில் பை வைத்திருந்ததைப் பார்த்துப் பரிமாறுகிறவர் யாராவது வருகிறார்களா என்று கேட்டார். இல்லை என்று பையைக் கீழே வைத்தேன். உடனே அங்கே ஒரு குடும்பத்தில் பாதி வந்து உட்கார்ந்தது. அறைக்கு வந்து போனைப் பார்த்தேன். வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. ராஜாத்தி அக்காவைக் கூப்பிடலாம் என்று எண்ணைத் தேடி எடுத்து, பூச்சி என்றாலே அவருக்கு இப்போது பயம் என்பதால் விட்டுவிட்டேன். ஜாடியில் ஆண் பூச்சிகள் சிறகடித்துக்கொண்டிருந்தன. அனந்தநாராயணன் அரிசியைத் தரவில்லை என்றால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான் என்று முடிவுசெய்தேன். அப்படி நினைத்ததும் அழுகை வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்ரீவராகம் போனேன். தகர டின் வாசல் நடையில் இருந்தது. அவரே இழுத்து வந்து வைத்திருக்கிறார். சட்டையெல்லாம் வலை.

“ஒண்ணு கேக்கணும். இதைக் குப்பையில போட மாட்டேளே?”

“மாட்டேங்க. புழு திங்கிற வரைக்கும் இதுதான் அதுக்குச் சாப்பாடு. தீர்ந்த பிறகுதான் கம்பு வைப்பேன்.”

“திங்கறதுக்குத்தானே வாங்கினா. யாராவது திங்கட்டும்.”

என் பெயர் என்ன என்று அப்போதுதான் கேட்டார். வடிவு என்றேன். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. இரண்டு சாக்குப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அரிசியை அவரே சாய்த்துக் கொட்டினார். எட்டு கிலோ தேறும். ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தெருக்கோடி திரும்பும்வரை மழையில் நின்றார். வெறும் டின் அவர் காலடியில் இருந்தது.

இனி, இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆரியசாலைக்குப் பதினொரு மணிக்கு முன்னால் போகாதீர்கள், சரக்கு இறக்கும் நேரம், யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். பூச்சி என்ற சொல்லை எடுப்பதற்கு முன் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். லென்ஸ் கட்டாயம் வேண்டும், அந்துகளில் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்தால் ஏமாந்துபோவீர்கள். மூட்டையைப் பேருந்தின் மேலே போடாமல் காலடியில் வையுங்கள், நடத்துநர் இருபது ரூபாய் லக்கேஜ் கேட்பார். லாட்ஜில் தனியாகவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படியேறுங்கள். வீட்டில் தானியம் வைத்திருப்பவர்களுக்கு: நாலு நாள் வெயிலில் போட்டாலே பாதி அந்து போய்விடும். மூடியைத் திறக்காமலே விட்டுவைக்கும் டின்னில்தான் அவை சுகமாக இருக்கும்.

அந்த அரிசியில் வந்த பூச்சிகளை என் பூச்சிகளோடு சேர்த்தேன். அடுத்த தலைமுறையில் முட்டை ஏறியது. இப்போது கரும்புக்காரர்கள் கேட்கும் அட்டையைத் தாமதமில்லாமல் கொடுக்க முடிகிறது. உதவிக்கு ஆள் தேடுகிறேன், தூசி என்றதும் வரத் தயங்குகிறார்கள். கொட்டகையை இன்னும் பூட்டவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அந்தச் சாக்கிலிருந்த கடைசி அரிசியைச் சலித்தேன். தூளும் வலையும்தான் மிஞ்சின. அன்று சாயங்காலம் அனந்தநாராயணனுக்கு போன் செய்தேன்.

“உங்க அரிசி தீர்ந்துட்டுங்க.”



“முழுசுமா?”

“முழுசும். ஒரு மணி மிச்சமில்ல.”

“நன்னா இருக்கா, பூச்சியெல்லாம்?”

“நல்லா இருக்குங்க. எண்ண முடியாது.”

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

“வடிவு, அடுப்புல சாதம் வெச்சிருக்கேன். ரெண்டு விசிலா மூணான்னு இன்னும் எனக்கு நிச்சயமில்லை. போனை வெச்சுடட்டுமா?”

“மூணுங்க,” என்றேன். “வையுங்க.”

வைத்துவிட்டார். நான் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மறுநாளைக்கான கம்பை உடைக்க உட்கார்ந்தேன்.