ரப்பர் மரம் போட்ட நோட்டு

இந்தோனேசியாவிலிருந்து திரும்பி வந்த பிறகு அப்பாவுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. ஓசூரில் அவர் வேலை பார்த்த ரப்பர் கம்பெனி, அந்த நாட்டில் புதிதாக ஆரம்பித்த கிளையில் பிரஸ் மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுக்க அவரை எட்டு மாதம் அனுப்பியிருந்தது. போகும்போது அழுதுகொண்டு போனவர், வந்ததும் வேறு ஆளாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் பைக்கை எடுத்துக்கொண்டு சூளகிரி வரை போவார். ஒரு டீ குடிப்பார். திரும்பி வருவார். எதற்குப் போனீர்கள் என்று அம்மா கேட்டால், "சும்மாதான்" என்பார். அது பொய்யில்லை, அவருக்கும் தெரியாது.

வீட்டில் இருக்கும் நேரத்தில் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொள்வார். என் பிறந்தநாள் போட்டோக்களுக்காக வாங்கிய ஆல்பம் அது. போட்டோக்களை ஒரு கவருக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் தான் கொண்டுவந்த பழைய இந்தோனேசிய நோட்டுகளைச் செருகியிருந்தார். அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணி விரித்து, செல்லாத நோட்டுகளைக் குவித்து விற்பார்களாம். விடுமுறை நாளெல்லாம் அங்கே குந்திக்கொண்டு பொறுக்கியிருக்கிறார். காண்டாமிருகம் போட்ட நூறு, பாய்மரக் கப்பல் போட்ட நூறு, அணில் போட்ட இன்னொரு நூறு, குரங்கு போட்ட ஐந்நூறு. ஒரே நூறுக்கு எதற்கு இத்தனை படம் என்று நான் குழம்பியிருக்கிறேன். அப்போது நான் நாலாம் வகுப்பு.

கடைசிப் பக்கத்தில் இருந்தது மட்டும் சந்தையில் வாங்கியதல்ல. அப்பா பிறப்பதற்கு முன்னால் அச்சடித்த நூறு ரூப்பியா. ரப்பர் மரத்தில் ஒரு மனிதர் பால் எடுத்துக்கொண்டிருப்பார். அப்பாவோடு வேலை செய்த ஆறு பேர், நம் எல்லோருக்கும் சோறு போடுவது இந்த மரம்தானே என்று தேடிப் பிடித்து வாங்கி, கிளம்புகிற அன்று கையில் கொடுத்தார்களாம். பின்பக்கத்து வெள்ளை ஓரத்தில் ஆறு பேரும் பென்சிலால் பேர் எழுதியிருந்தார்கள். அங்கே போட்ட சிம்மை அங்கேயே கொடுத்துவிட்டு வந்ததில் அவர்கள் நம்பரெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது இந்த ஓரம்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை வந்து, ஆல்பத்தைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"வெளிநாடு போனவன்லாம் டிவி, செயின்னு தூக்கினு வர்றான். எங்க மச்சான் செல்லாத நோட்ட தூக்கினு வந்திருக்காரு. கடையில குடுத்தா ஒரு மிட்டாய் குடுப்பானா?"

அப்பா சிரிப்பார். எனக்குத்தான் உள்ளே எரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பழைய காசு, நோட்டுக் கண்காட்சி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா ஆல்பத்தோடு என்னையும் கூட்டிப்போனார். பெங்களூரிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் கழுத்தில் கயிறு கட்டி லென்ஸ் தொங்கவிட்டிருந்தார். பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரித் தள்ளினார்.

"இதெல்லாம் காமன் சார். கட்டுக் கட்டா வருது."

கடைசிப் பக்கம் வந்ததும் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். ஓரத்தைப் பிடித்து நோட்டை உருவி வெளிச்சத்தில் காட்டினார்.

"மடிப்பு இல்லே. குண்டூசி குத்தின ஓட்டை இல்லே. பேப்பர் மொறுமொறுன்னு இருக்குது. ஆனா நோடி, இங்க பாருங்க சார், பின்னாடி ரைட்டிங் இருக்குதே! கிளீனா இருந்தா மூணு பங்கு விலைக்குப் போவும். பென்சில்தானே, பதமா அழிச்சா போயிடும்."

"விக்கறதுக்கு இல்லீங்க," என்றார் அப்பா. "என்னா ஏதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

அவர் சொன்னது என் காதில் விழவில்லை. மூன்று பங்கு என்பது மட்டும் விழுந்து, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. எதற்கு மூன்று பங்கு என்றுகூட எனக்குத் தெரியாது. மாமா வரும்போது சொல்லிக் காட்டினால் போதும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அப்பா இரண்டாம் ஷிப்ட். அம்மா கார்மென்ட்ஸ் வேலையிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரில் புதிய முனையாகப் பார்த்து, ஒவ்வொரு பேராக எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து அழித்தேன். முதல் ஐந்தும் லேசாகப் போய்விட்டன. ஆறாவது ஆள் மட்டும் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார். நானும் அழுத்தினேன். பேர் போனது, பக்கத்தில் இருந்த அச்சுக் கோடுகளும் கொஞ்சம் மங்கின. அந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி வெளுத்துப் பிசிறு தட்டியது. ஊதிவிட்டு, உள்ளே செருகி வைத்தேன்.

அதற்கப்புறம்தான் எனக்கும் உட்கார முடியவில்லை. சந்தோஷமாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வெளுத்த இடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்பா ஆல்பத்தைக் கையில் எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். அந்த வாரத்தில் நான் குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. நோட்டின் முன்பக்கம் எப்போதும்போல் இருந்ததால் அவர் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா விசிலடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய கம்பெனி சூப்பர்வைசர் மறுநாள் அதே இந்தோனேசியக் கிளைக்குப் போகிறார். அவர் கையில் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பப் போகிறாராம், மூடியில் பேர் வெட்டி. "பேரு வெட்டின பாத்திரம்னா தொலையாது பாரு" என்றார். பேர்களைப் பார்த்துச் சொல்ல ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் ஆல்பம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர் மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தமிழா, தெலுங்கா, கன்னடமா?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ்ல போடுங்க."

அப்பா நோட்டை உருவித் திருப்பினார். பிறகு இன்னொரு தடவை திருப்பினார். மறுபடியும் பின்பக்கத்துக்கே வந்தார். கட்டைவிரலால் அந்த ஓரத்தைத் தடவினார். பிசிறு தட்டிய இடத்தில் விரல் நின்றது.

"நான்தாம்பா," என்றேன். "மூணு பங்கு வெலைக்குப் போகும்னு அந்தக் கடைக்காரர் சொன்னாரில்ல..."

அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பின்னாடி ஆள் நிக்கறாங்க. பேரச் சொல்லுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஆகுஸ். புடி. ஹென்ட்ரா. யான்டோ. கொஞ்சம் இடைவெளி விட்டு, ஸ்லாமெட். ஐந்து மூடிகள் முடிந்தன. ஆறாவது மூடி மெஷினுக்குக் கீழே காத்திருந்தது.

"மாஸ்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

மாஸ் யார் என்று எனக்கே தெரியும். அப்பா காய்ச்சலில் நாலு நாள் படுத்திருந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தவர். வீட்டில் அப்பா அதிகம் பேசியதே அவரைப் பற்றித்தான்.

"மாஸ்னே போடச் சொல்லுப்பா."

"அது பேரில்ல பாப்பா. நாம அண்ணாங்கிற மாதிரி. அங்க எல்லாருமே மாஸ்தான்." குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் அவர ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல."

அப்பா அத்தனை சொல்லியிருந்த ஆளின் பேர் எப்படி மறக்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா கடைத் தரையில் என் முன்னால் குந்தினார்.

"நீ அழிக்கறப்ப படிச்சியா?"

படித்திருந்தேன். ஆனால் ஓர் எழுத்துகூட மனதில் இல்லை. அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியவில்லை. என் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ரத்னா ஏனோ ஞாபகத்துக்கு வந்தாள்.

"ரத்னோ," என்றேன்.

"ரத்னோவா?"

"ஆமாப்பா."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா."

மெஷின் கிர்ரென்று ஓடியது. எவர்சில்வர் தூள் கவுன்டரில் சிந்தியது.

சூப்பர்வைசர் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் அப்பா சூளகிரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். நான் ரத்னாவோடு சரியாகப் பேசவில்லை.

வந்தவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் போட்டோவைக் காட்டினார். ஆறு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். எல்லோரையும்விட வயதானவராக, ஓரமாக நின்றவர் தன் மூடியை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தார். பேர் தெளிவாகத் தெரிந்தது. வாயெல்லாம் சிரிப்பு.

"இவர்தாம்பா மாஸ்! பாத்தியா, நான் சொன்னது கரெக்ட்!" என்று குதித்தேன்.

"இல்ல பாப்பா, அந்தாளு பேரு..." என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார்.

"காபி ஆறுது, குடிங்க சார்," என்றார் அப்பா. என் தலையில் கை வைத்தார். "ஆமா பாப்பா, கரெக்ட்டா சொன்ன."

மாமா வரட்டும், சொல்லிக் காட்டலாம் என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. சூப்பர்வைசரை வழியனுப்ப அப்பா கேட் வரைக்கும் போனார். இரண்டு பேரும் பைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசினார்கள். அப்பா ஏதோ கேட்டார். அவர் ஒரே ஒரு சொல் சொன்னார். அப்பாவுக்குச் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது, குனிந்து காதைக் கொடுத்தார். அவர் மறுபடியும் சொன்னார். பைக் கிளம்பிப் போன பிறகும் அப்பா கேட்டைப் பிடித்தபடி நின்று, உதட்டை அசைத்து அசைத்து அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.