இரண்டாம் அடுக்கில் இன்னும் ஒரு டெர்ம், டீச்சர்!

போன புதன்கிழமை என் மகளின் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இன்னும் ஒரே ஒரு டெர்ம் அவளை ரெண்டாம் அடுக்கிலேயே வெச்சுக்கோங்கோளேன்!"

ஸெலின் டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சாரே, ஜூன் மாசம் இதே தூணைப் பிடிச்சிட்டு நின்னு என்ன சொன்னீங்கன்னு ஓர்மை உண்டா?"

உண்டு. "அவளை ரெண்டாம் அடுக்கிலேர்ந்து இப்பவே எடுத்துடுங்கோ" என்று சொன்னேன். தூண் அப்படியேதான் இருக்கிறது. என்னைப் பற்றித்தான் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் பூரணி மூன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். திருவனந்தபுரத்தில் தமிழ் மீடியமா என்று கேட்காதீர்கள் — இருக்கிறது. கரமனையில் எங்கள் அக்கிரகாரத் தெருவிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளும், ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஜூனில் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் டைரியில் ஒரு வரி வந்தது. 'பூரணி இரண்டாம் அடுக்கு வாசிப்புக் குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறாள்.'

ஒரே வரிதான். அதை ஒன்பது முறை படித்தேன். ஐந்தாவது முறை படித்தபோது அவளுக்கு டிகிரி இல்லை. ஏழாவது முறை வேலை இல்லை. ஒன்பதாவது முறை எனக்குப் பிரஷர் மாத்திரை — அன்றைக்கு இரண்டாவது.

மனைவி வத்சலா டைரியை வாங்கிப் பார்த்தாள். "ஏன்னா, இது மூணாங்கிளாஸ். ஐஏஎஸ் ரிசல்ட் இல்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுண்டு எங்கே கிளம்பறேள்?"

திருப்பிப் போட்ட சட்டையோடுதான் போய் நின்றேன்.

ஸெலின் டீச்சருக்கு மார்த்தாண்டம் சொந்த ஊர். குரலை உயர்த்தாமலே கண்டிக்கத் தெரிந்தவர். "இது தண்டனை ஒண்ணும் இல்ல சாரே. எல்லாருக்கும் நடத்துற கிளாஸ் முதல் அடுக்கு. அது பத்தாத பிள்ளைங்கள நாலு பேரா உக்கார வெச்சு தினமும் அரை மணிக்கூர் தனியா வாசிக்க வைக்கிறோம், அது ரெண்டாம் அடுக்கு. அதும் பத்தலைன்னா ஒத்தைக்கு ஒத்தை, அது மூணு. கல்யாணத்துல சாப்பிட்டிருக்கீங்கல்லா? பந்தி எல்லாருக்கும் ஒண்ணுதான். சிலருக்கு ரெண்டாம் தடவ விளம்பணும். அவ்வளவுதான்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. இரண்டாம் தடவை அடைப்பிரதமன் பாயசம் வராமல் நான் இலையை மடித்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் என் மகளுக்கா? "வீட்டில கதைப் புஸ்தகத்தைப் பார்க்காமலே வாசிக்கறா, டீச்சர்!"

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் டீச்சர். "பாக்காமத்தான் வாசிக்கா."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, குழுவிலிருந்து வெளியே வருவது எப்படி? புதன்தோறும் ஒரு கார்டு. டீச்சரின் மொபைலில் டைமர் ஓடும். ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். எத்தனை வார்த்தை என்று சுவரில் இருக்கும் சார்ட்டில் புள்ளி வைப்பார். சிவப்புக் கோட்டுக்கு மேலே தொடர்ந்து நான்கு புள்ளி விழுந்தால் விடுதலை. கார்டுகள் எல்லாம் பழைய பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தவை. பள்ளியின் ஜெராக்ஸ் மெஷினோ அப்போது ரிப்பேர்.

"நான் எடுத்துண்டு வரேனே!" என்றேன், உலகத்துக் கருணையெல்லாம் குரலில் தேக்கி.

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. டீச்சர் கேட்டது ஐந்து காப்பி. நான் எடுத்தது ஆறு. வெளியே வந்து ஒரு தேங்காயும் உடைத்தேன் — அது லஞ்சமா பரிகாரமா என்று பிள்ளையாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

வரிசைப்படி அடுத்த புதன்கிழமை யானையைப் பற்றிய கார்டு. அதற்குள் அதை அவளுக்கு ஏற்றிவிட வேண்டும். எங்கள் தெருவில் மந்திரம் கற்றுக்கொடுக்க ஒரு முறை உண்டு. சந்தை சொல்வது என்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஒரு வரியை ஒரு தடவை சொல்லுவார், கற்பவர் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகமே வேண்டாம், காது போதும். நான் 'யானை பெரிய விலங்கு' என்பேன். பூரணி இரண்டு தடவை சொல்லுவாள். மூன்றே நாளில் யானை முழுவதும் உள்ளே போய்விட்டது. நானும் குளிக்கும்போது யானையையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. "சாரே, கொஞ்சம் வரணும்."

வெற்றிச் செய்தி என்றுதான் போனேன். இந்த முறை சட்டையைச் சரியாகப் போட்டிருந்தேன்.

"இன்னைக்கு நான் கார்டு வரிசைய மாத்தியிட்டேன்," என்றார் டீச்சர். "மக கையில இருந்தது மழை. வாயில வந்தது யானை."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அதும் ஒவ்வொரு வரியும் ரெண்டு தடவ."

பக்கத்தில் பூரணி தலை குனிந்து நின்றாள். நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "நீங்க நினைச்சது நடந்திருந்தா அடுத்த மாசம் இவ குழுவுல இருக்கமாட்டா. வாசிக்கவும் தெரிஞ்சிருக்காது. காது நல்ல காது சாரே, ரெண்டு வருஷமா அதை வெச்சுத்தான் எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கா. கண்ணுக்குத்தான் கொஞ்சம் நேரம் வேணும். அந்த நேரத்தத்தான் நீங்க பறிக்கப் பாத்தீங்க."

சாயங்காலம் பள்ளி விட்டுக் கேட்டைத் தாண்டும்போது பூரணி மெதுவாகக் கேட்டாள். "அப்பா, எழுத்தைப் பார்த்தா எனக்கு வாசிக்க வரலேன்னு உனக்கு அறியும், அல்லே? பின்னே எதுக்குக் காணாப்பாடம் பண்ண வெச்சே?"

மனப்பாடத்துக்கு மலையாளத்தில் காணாப்பாடம் என்று பெயர் — காணாமலே படிக்கிற பாடம். பத்திரிகையில் வாராவாரம் ஊருக்கே பதில் சொல்கிறவன் நான். பஸ் வரும்வரை அவள் பையை நான் தூக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

தண்டனை மறுநாள் வந்தது. அவளுக்கில்லை, எனக்கு.

"பாடப்புத்தகம் பூரா இவ காதுக்குள்ள போயாச்சு," என்றார் டீச்சர். "இனி வாராவாரம் ஒருத்தரும் கேக்காத புதுக் கார்டு வேணும். நான் எங்க போவேன்? நீங்க பத்திரிகையில எழுதுற ஆளுல்லா, எழுதித் தாங்க. மகளுக்குக் காட்டப்பிடாது, கேட்டோ!"

எழுதினேன். முதல் கார்டு, இடவப்பாதிப் பருவமழையில் நனைந்த ஒரு காலைப் பொழுது. நான்கு வரிக்கு ஒரே வாக்கியம். நடுவில் இரண்டு இடத்தில் மூன்று மூன்று புள்ளிகள். அற்புதமாக வந்திருந்தது — என் அபிப்பிராயத்தில்.

கார்டோடு நானும் போயிருந்தேன். குழுவில் பூரணிக்குப் பக்கத்தில் முத்துலட்சுமி. அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "அங்கிள், இந்த மூணு புள்ளிய எப்படி வாசிக்கணும்?"

"அதை வாசிக்க வேண்டாம்மா."

"பின்ன எதுக்கு வெச்சிருக்கீங்க?"

இத்தனை வருடத்தில் எந்த எடிட்டரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

"அதும் போக, இதுல ஒண்ணுமே நடக்கலியே அங்கிள்?"

அடுத்த வாரம் நடக்கிற மாதிரி எழுதினேன். பழவங்காடியில் ஒரு ஆள் தேங்காய் உடைக்கிறார். சில்லு பறந்து வந்து பின்னால் நின்றவரின் வாய்க்குள் விழுகிறது. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் கதை. நான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். பூரணி மட்டும் கடைசியாகச் சிரித்தாள் — கடைசி வரிவரை விரல் வைத்துப் போய்ச் சேர அவளுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. ஆனால் போய்ச் சேர்ந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் அவள் எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது!

அதன் பிறகு எனக்குக் கதைப் பஞ்சமே இல்லை. சட்டையைத் திருப்பிப் போட்ட ஆள், தப்பான பஸ்ஸில் ஏறிய ஆள், யானையைச் சொல்லிக்கொண்டே குளித்த ஆள். கார்டுகளின் நாயகன் யார் என்று பிள்ளைகளுக்கு மூன்றாம் வாரமே தெரிந்துவிட்டது. சார்ட்டில் பூரணியின் புள்ளிகள் கோட்டுக்குக் கீழேயே ஊர்ந்தன. ஓணம் லீவில் சறுக்கின. ஐப்பசியின் துலாவர்ஷ இடிகளுக்கு நடுவே ஒரு புதன்கிழமை கோட்டைத் தொட்டன. பிறகு தாண்டின. ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவதுதான் போன புதன்.

அன்றைக்கு என் கார்டு இல்லை. ஸெலின் டீச்சர் என் கார்டுகளைப் போனக்காட்டு மலைப்பக்கத்து டீச்சர் ஒருவருக்கு அனுப்பி, அவர் எழுதிய கார்டுகளை வாங்கியிருந்தார். மலைமேல் எஸ்டேட் பஸ்ஸை ஒரு யானை மறித்துக்கொண்டு நின்ற கதை. மறுபடி யானையா! நான் ஜன்னலுக்கு வெளியே தூணோடு தூணாக நின்றேன்.

பூரணி வாசித்தாள். நான்காவது வரியில் நின்றுவிட்டாள்.

வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அவள் விரல் மட்டும் தெரிந்தது. டைமர் ஓடுகிறது. சொல்லிக்கொடு, சொல்லிக்கொடு என்று வாய் துடிக்கிறது — என்ன வார்த்தை என்றே தெரியாமல்! விரல் மெல்ல நகர்ந்தது. "தே யி லை." ஒரு மூச்சு. "தேயிலைத் தோட்டத்துக்கு."

ஒரே தடவை. இரண்டு தடவை இல்லை.

அப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. யானை நகர்ந்தது, பஸ் கிளம்பியது, மொபைல் கத்தியது. அவள் கடைசி வரியையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். முத்துலட்சுமி கைதட்டினாள். தூண் நனைந்திருந்தது. மழை என்று டீச்சரிடம் சொன்னேன். அன்றைக்கு மழை இல்லை.

"நாலு புள்ளி ஆச்சு. திங்கக்கிழமை முதல் அவ குழுவுக்கு வரண்டாம்," என்றார் டீச்சர்.

உடனே பீதி. வரவேண்டாமா? மறுபடி சறுக்கினால்? அப்போதுதான் நீங்கள் முதலில் பார்த்த அந்தக் கெஞ்சல்.

"அவ வயிறு நிறைஞ்சு இலைய மடக்கியாச்சு சாரே," என்றார் டீச்சர். "இனியும் விளம்புனா வயிறு வலிக்கும். புதன்கிழமை மட்டும் பாத்துக்கிடுதேன். போங்க."

"அங்கிள்!" உள்ளேயிருந்து முத்துலட்சுமி. "எனக்கு ரெண்டு புள்ளிதான் ஆயிருக்கு. கார்ட நிறுத்தியிடப்பிடாது!"

நிறுத்துவேனா? இவ்வளவு கறாரான வாசகி வேறு எங்கே கிடைப்பாள்?

கூட ஒரு கை சோறு கேட்பது அவமானம் என்று எந்தக் குழந்தையும் தானாக நினைப்பதில்லை. டைரியை ஒன்பது முறை படிக்கிற அப்பாக்கள்தான் அதைச் சொல்லிக்கொடுக்கிறோம் — சந்தை முறையில், இரண்டு தடவை.

இதை எழுதி முடித்து மேஜையில் வைத்திருந்தேன். பூரணி எடுத்து வாசித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத, அவள் காதில் ஒருமுறைகூட விழாத பக்கங்கள். முழுவதையும் விரல் வைக்காமல் வாசித்துவிட்டு, "அப்பா, முத்துலட்சுமி சொன்னது சரிதான். இந்த மூணு புள்ளியெல்லாம் எதுக்கு? எடுத்துடு," என்றாள்.

எடுத்துவிட்டேன். வேண்டுமானால் மேலே தேடிப் பாருங்கள், ஒன்றுகூட இருக்காது. இப்போது அவள் தெருவில் விளையாடப் போயிருக்கிறாள், அதனால் ஒன்றே ஒன்று மட்டும்...