டோல்கேட்டில் நான் காலூன்றிய இடம்

ராயபுரத்தில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, நடுவில் டோல்கேட்டில் ஒன்று. மூன்று வாடகை சைக்கிள் கடைகள். ஹார்பரில் மூட்டை தூக்கியவன், மூணாங்கிளாஸ் தாண்டாதவன், நான் வைத்தது. ஒரு கடையில் எடுத்து இன்னொரு கடையில் விடலாம் என்று எங்கள் பக்கம் அதுவரை யாரும் சொன்னதில்லை. "போன வண்டி வராது நைனா, நீ மறுபடி மூட்டைக்குத்தான் வருவே" என்று என்னோடு மூட்டை தூக்கியவர்கள் சிரித்தார்கள்.

முதலில் டோல்கேட் கடை இல்லை. திருவொற்றியூர் கடையை என் மச்சான், சம்சாரத்தின் தம்பி, பார்த்துக்கொண்டான். ஒரு கோடையில் ராயபுரத்தில் வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் காலை கடையைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. திருவொற்றியூர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவ்வளவும் திருடு போய்விட்டது என்றே நினைத்தேன். தோளில் பழைய மூட்டைத் தழும்பு அரிக்க ஆரம்பித்தது.

பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போனேன். கடை நிறைய, தெருவரைக்கும், என் வண்டிகள். மச்சான் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் இங்கதான் கீது மாமா. காலையில காத்து இல்ல, ஜம்முனு வந்துடறானுங்க. சாயங்காலம் திரும்பறப்போ தென்காத்து மூஞ்சில அடிக்குது. எவன் மிதிப்பான்? வண்டிய வுட்டுட்டு பஸ் ஏறிடறானுங்க."

"இத வந்து சொல்றதுக்கு இன்னா?"

"கடை நெறைய வண்டி நிக்குதேன்னு சந்தோஷமா இருந்துட்டேன்."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம், காற்று ஏறிய நேரத்தில், ஒரு வண்டியை எடுத்து ராயபுரம் பார்த்து நானே மிதித்தேன். டோல்கேட் வந்ததும் தொடை விட்டுப்போய் காலை ஊன்றிவிட்டேன். மூட்டை சுமந்த காலே இங்கே நிற்கிறதென்றால் மற்றவன் கால் இதற்குமேல் போகாது. அந்த இடத்திலேயே மூன்றாவது கடையைப் போட்டேன். முடியாதவன் பாதி வழியில் விட்டு பஸ் ஏறலாம் என்றதும் சாயங்காலமும் வண்டி எடுத்தார்கள். டோல்கேட்டில் விட்டதை, காலையில் ஹார்பருக்கு வருகிறவர்கள் ராயபுரத்துக்கு ஓட்டிவந்தார்கள். வாசலில் மறுபடி வண்டிகள் நின்றன. நான் மூட்டைக்குப் போகவில்லை.

இப்போது மச்சான் கல்யாண வீடுகளில் டோல்கேட் யோசனை தன்னுடையது என்கிறான். காற்றைச் சொன்னது அவன்தான், மறைக்கவில்லை. அந்தக் காற்றில் மிதித்து இடம் பார்த்தது நான். சொல்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லட்டும். என் பங்கை முதலில் சொல்லட்டும்.