டக் டக் என்றால் படம் எடுக்கலாம்

வினிகர் மாதிரி ஒரு புளித்த வாடை...

பல் எக்ஸ்ரேயை ஃபிலிமில் எடுத்துக் கழுவிய காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஃபிக்ஸர் என்கிற மருந்துத் தண்ணீரின் வாடை. சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. மத்தியானம் தயிர்சாதமும் அதே வாடைதான் அடிக்கும்!

மன்னார்புரத்தில், பஸ் ஹார்ன் ஓயாத ரோட்டில், ஒரு மாடி கிளினிக். என் முதல் வேலை அங்கேதான். என்னோடு சேர்ந்தவள் நஸ்ரின். இரண்டு பேரும் அப்போதுதான் படித்து முடித்த பல் டாக்டர்கள். எங்களுக்கு மேலே ஒரு பெரிய டாக்டர்.

ஃபிலிம், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. பாக்கெட்டோடு வாய்க்குள் வைத்தால், பேஷண்ட்டே கட்டைவிரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரே மெஷின் குழாயின் சாய்வு தப்பினால் பல் புடலங்காய் மாதிரி நீண்டுவிடும். எல்லாம் சரி பார்த்துவிட்டு நாங்கள் சுவருக்குப் பின்னால் போய் சுவிட்சை அழுத்துவோம். அதுவரை அசையக் கூடாது... அவ்வளவுதான் வித்தை.

இந்த வித்தையெல்லாம் செல்வராஜ் அண்ணனிடம் பலிக்கவில்லை.

அவர் துவாக்குடி ரூட்டில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மேல் வரிசையில், வலது கடைவாய்ப் பல்லில் வலி. ஃபிலிம் அண்ணத்தைத் தொட்டதுமே குமட்டிக்கொண்டு வரும். கண்ணெல்லாம் சிவந்து, எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் முயற்சி செய்தேன். பெரிய டாக்டரே முயற்சி செய்தார். ம்ஹூம்.

"படம் இல்லாம உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுங்க. நாளைக்கும் முடியலேன்னா பல்லை எடுத்துர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார் பெரிய டாக்டர்.

செல்வராஜ் அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "இடது பக்கம் ஏற்கெனவே காலிங்க. மெல்லுறதே இந்தப் பக்கந்தான். இதையும் எடுத்துட்டா கஞ்சிதான் குடிக்கணும்."

மறுநாள் நஸ்ரின் ஃபிலிமைக் கையிலேயே எடுக்கவில்லை. நாற்காலி போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, பஸ் கதை பேச ஆரம்பித்தாள். எனக்கோ எரிச்சல். வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

"ஏண்ணே, உங்க டிரைவர் அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்துருவாரா?"

"அதெப்படிங்க? நான் விசில் குடுக்கணும்ல? ஒண்ணு குடுத்தா நிக்கணும். ரெண்டு குடுத்தாத்தான் கெளம்பணும்."

"அப்ப இங்கயும் நீங்கதான் கண்டக்டர். வாய்ல விசில் ஊத முடியாது, அதனால கைப்பிடியில தட்டுங்க. ஒரு தட்டு தட்டுனா ஃபிலிமை எடுத்துருவேன். ரெண்டு தட்டு தட்டுனாத்தான் சுவிட்ச். நீங்க சொல்லாம வண்டி கெளம்பாது."

செல்வராஜ் அண்ணன் சிரித்தே விட்டார். இடது கட்டைவிரலால் ஃபிலிமைப் பிடித்தார். ஒரு தட்டு... எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி ஒரு தட்டு. எடுத்தாள். முகம் சுளிக்கவே இல்லை அவள். அடுத்த முறை, சுவருக்குப் பின்னால் நின்ற எங்களுக்குக் கேட்டது. வலது கையில் மோதிரம் போட்ட விரலால் இரும்புக் கைப்பிடியில்...

டக் டக்.

அழுத்தினாள். ஓடிப்போய் ஃபிலிமைக் கழுவினோம். வெளிச்சம் புகாமல் சிவப்பு மூடி போட்ட டப்பாவுக்குள் கையை விட்டு டெவலப்பர், தண்ணீர், ஃபிக்ஸர்... வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பல் மேலெல்லாம் வரிவரியாகக் கோடு!

எடுத்து எடுத்து வைத்ததில் ஃபிலிமைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள் நஸ்ரின். பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் ஈயத் தகட்டின் வரிகள் படத்தில் பதிந்திருந்தன. அழாத குறையாக அவரிடமே கொண்டுபோய்க் காட்டினாள். "என் தப்புதாண்ணே. இன்னொரு தடவை எடுக்கணும்."

அவர் வாங்கிப் பார்த்தார். "இது நம்ம பஸ் டயர் தடமாச்சே! ஒரு ட்ரிப் காலியா போச்சு, அவ்வளவுதானேங்க. அடுத்த ட்ரிப் எடுங்க."

அவரே வாயைத் திறந்தார். டக் டக். இந்த முறை வேர்கள் மூன்றும் பளிச்சென்று வந்தன. பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காப்பாத்திரலாம்" என்றார். அன்றைக்கு நஸ்ரின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. நாங்கள் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்தோம். அவரைப் பார்த்தவள் அவள்தான்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் என் கிளினிக்கில் டப்பாவும் இல்லை, வாடையும் இல்லை. யாரையும் விரலால் பிடிக்கச் சொல்வதும் இல்லை, அதற்கு ஹோல்டர் வந்துவிட்டது. சென்சாரை வைத்தால் கம்ப்யூட்டரில் உடனே படம் வந்துவிடும். ஆனால் ஈரப் படத்தைக் கிளிப்பில் தொங்கவிட்டு, மூன்று பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்த அந்தப் படபடப்பு... அது போயே போச்சு.

போன மாதம் செல்வராஜ் அண்ணன் வந்திருந்தார். தலையெல்லாம் நரைத்து, ரிட்டயர் ஆகிவிட்டார். பக்கத்துப் பல்லில் கூச்சமாம். சென்சாரை வைத்துவிட்டு சுவருக்குப் பின்னால் போனேன். சுவிட்சில் நான் கை வைப்பதற்கு முன்பே...

டக் டக்.

ஸ்க்ரீனில் அந்தப் பழைய பல், அன்று வேர்களுக்குள் அடைத்த மருந்தின் வெள்ளைக் கோடுகளோடு அப்படியே நின்றது. கண் கலங்கிவிட்டது. உடனே ஷார்ஜாவில் பல் டாக்டராக இருக்கும் நஸ்ரினுக்குப் படத்தையும், அவர் தட்டிய கதையையும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போனில் அவள் குரல் பதிவு வந்தது.

"நம்ம துவாக்குடி பஸ் இங்கயும் ஓடிட்டுதாண்டி இருக்கு. இன்னிக்குக் காலைல ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு... ரெண்டு தட்டு தட்டுச்சு."