பல்செட்காரரின் உருளைக்கிழங்கு கெசடியா

மடித்த ரொட்டியின் விளிம்பைப் பெருவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வருகிறார். பகலெல்லாம் பல்செட் லேபில் மெழுகு ஈறுகளை அழுத்திய விரல்; வீட்டுக்கு வந்தும் அடங்குவதில்லை. "ஓரம் ஒட்டலேன்னா சீஸ் வெளிய ஓடிரும்" என்பார், யாரும் கேட்காவிட்டாலும்.

பல்செட் செய்வது தொழில். தெருவில் பெயரும் அதுதான். எதிரே வருபவரின் வாயைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். சிரித்துத் தொலைத்தால் போச்சு, கடைவாய் வரை கணக்கெடுத்துவிடுவார்.

மனைவி இருந்தவரை அடுப்படியை எட்டிப் பார்க்காதவர். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. இவர் கற்றுக்கொண்டது இந்தக் கெசடியா ஒன்றுதான். வெந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்து, வதக்கிய வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிசைவார். பாக்கெட்டில் வரும் டார்ட்டியா ரொட்டியின் பாதியில் அதைப் பரப்பி, துருவிய சீஸைக் கைநிறையத் தூவி, மறுபாதியால் மூடி வாணலியில் போட்டால் ஆயிற்று. சட்டை மாற்றுவதற்குள் சாப்பாடு தயார். வயிறும் திம்மென்று இருக்கும்.

கூடச் சாப்பிடுபவர் மாமனார், பழைய லாரி டிரைவர். மருமகன் செய்து கொடுத்த பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தட்டில் கைவைப்பார்.

"எங்க கடிக்குது மாமா?"

"எல்லா எடத்துலயும்தான்."

அதனால் அவருடையது மட்டும் மொறுமொறுப்பதற்கு முன்பே இறங்கிவிடும்.

போன வாரம் பெரியவர் சொன்னார்: "மகளே இல்லாத வீட்ல நான் எதுக்கு மாப்ள? பெரிய பொண்ணு வந்துருங்கிறா."

"ம்" என்றார் மருமகன். அன்றைக்கு ஒரு கெசடியா கருகியது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மகள் காரோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள். "கிளம்பலாமாப்பா? பெட்டி எங்க?"

பெரியவர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். மருமகன் திரும்பவில்லை, காலி வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி கட்டலம்மா. நீ உக்காரு. சாப்ட்டுட்டுப் போ."

"போன்னா? நீங்க?"

"நான் வந்துட்டா, மாப்ள தனக்குன்னு அடுப்பே பத்த வைக்க மாட்டாரு."

மகள் தங்கையின் கணவனைப் பார்த்தாள். அவர் பாக்கெட்டிலிருந்து இன்னொரு டார்ட்டியாவை உருவி, கிழங்கை வழக்கத்தைவிடக் கனமாகப் பரப்பத் தொடங்கினார்.