நாற்பத்தேழாம் பக்கத்தை விடாமல் அடித்த தனலட்சுமி

தனலட்சுமி போய்விட்டார். காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

தஞ்சாவூரில் என் வக்கீல் ஆபீசில் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்ட். என் பெயரில் போன கிரிமினல் அப்பீல் அத்தனையும் அவர் அடித்துக் கொடுத்ததுதான்.

கோபம் ஜாஸ்தி. நான் எழுதியதில் பிழை இருந்தால் கேட்காமலே திருத்துவார். சாட்சி வாக்குமூலத்தில் மட்டும் ஒரு கால், ஒரு கொம்பு மாற்ற மாட்டார். அது அவங்க சொன்னது, நாம கை வைக்கக் கூடாது என்பார்.

முருகையன் கேஸைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

திருப்பனந்தாள் பக்கத்து ஆள். வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிக் கொன்றதாக ஆயுள் தண்டனை. பார்த்த சாட்சி ஒரே ஒருவர். மூன்று வயல் தள்ளி நின்றேன், அலறல் கேட்டுத் திரும்பினேன், முருகையன் கையில் அரிவாள் இருந்தது என்று சொல்லியிருந்தார். கீழ்க்கோர்ட் அதை அப்படியே நம்பியது.

அப்பீலில் சாட்சியைத் திரும்பக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். ஏற்கனவே சொன்னது காகிதத்தில் இருக்கும். அதைத்தான் மறுபடி எடை போடுவார்கள். அந்தப் பக்கங்களை டைப் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

இங்கேதான் என் மேதாவித்தனம். குறுக்கு விசாரணையில் அறுவடை மெஷின் எப்போ வந்தது, எத்தனை மா நிலம் அறுத்தது என்று பக்கம் பக்கமாக இருந்தது. வெட்டிப் பேச்சு, விட்டுடுங்க என்றேன்.

தனம் விடவில்லை. மொத்தமும் அடித்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அவர் வீட்டுக்காரர் குத்தகைக்கு வயல் பார்ப்பவர்.

"சார், நீங்க மெஷின் பக்கத்துல நின்னுருக்கீங்களா? ஓடுறப்ப பக்கத்து ஆளுகிட்டயே கையக் காட்டித்தான் பேசணும். மெஷின் நிக்காம ஓடுச்சு, நான் அதை விட்டு நகரலன்னு இவரே சொல்றாரு. மூணு வயல் தள்ளிக் கத்துனது எப்படி சார் கேட்டுச்சு?"

நாலு தடவை படித்தவன் நான்... வெட்கமாகத்தான் இருந்தது.

ஹைகோர்ட்டில் அரசு வக்கீல் நன்றாகவே வாதாடினார். சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட் ஜட்ஜ், அவர் நம்பியதை லேசில் மாற்றக் கூடாது என்றார். நான் அந்த மெஷின் பேச்சு இருந்த நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். ஜட்ஜ் இரண்டு பேரும் படித்தார்கள். திரும்பவும் படித்தார்கள்.

சத்தமே கேட்டிருக்காது என்றால் அவர் திரும்பிப் பார்த்ததை எப்படி நம்புவது? இந்த ஒரு சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியாது என்று எழுதினார்கள்.

விடுதலை.

எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் தனத்துக்கு போன் போட்டேன். பக்க நம்பரெல்லாம் சரியா இருந்துச்சா சார் என்று கேட்டார். அவ்வளவுதான்.

அவரோடு ஒரே ரூமில் வேலை பார்த்தவன் என்பதில் எனக்குப் பெருமை. சின்னப் பெருமை இல்லை.

இன்று சாயந்தரம் எடுத்தோம். தோள் கொடுத்தவர்களில் முருகையனும் ஒருவர். பாதி வழியில் ஆள் மாற்றிக்கொள்ளச் சொன்னோம். அவர் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

போயிட்டு வாங்க தனம்.