தண்ணீரும் இரும்பும் ஆகாத தொழில்

எங்கள் ஆர்எஃப்ஐடி தொழிலுக்கு ஆகாதவை இரண்டே இரண்டு: தண்ணீர், இரும்பு. எனக்கு வேலை போட்ட இடம் வடசென்னை.

ஆர்எஃப்ஐடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் மாதிரி ஒரு டேக், அதற்குள் எள்ளளவு சில்லு. ரீடர் என்ற கருவி ரேடியோ அலையை அனுப்பி, தொடாமலே அதன் நம்பரைப் படித்துவிடும். டோல்கேட்டில் கம்பி எழும்பாமல், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்க, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. இப்போது கிண்டியில் ஏசி அறையில் உட்கார்ந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதன் உபயோகங்களை வகை பிரித்துப் பாடம் எழுதுகிறேன். மூன்று வகைதான் எழுதினேன், மனசு ராயபுரம் பக்கம் ஓடிவிட்டது. அந்தத் துறைமுகத்து நிலக்கரித் தூசிக்குக்கூட ஏங்குவேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பொருளுக்கு

காசிமேட்டில் ஒரு மீன் வியாபாரியின் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு டேக் போட்டோம். லாரியில் ஏறும்போதே எண்ணிக்கை திரையில் வந்துவிட வேண்டும். சோதனை செய்து காட்டியது மீன்பிடித் தடைக்காலத்தில். அதனால் எல்லாமே காலிப் பெட்டிகள். ஒன்று விடாமல் படித்தது. டீ, பிஸ்கெட் எல்லாம் கிடைத்தது.

தடை முடிந்து அதே பெட்டிகள் வஞ்சிரமும் ஐஸுமாக வந்தன. திரையில் ஒன்றுமே வரவில்லை. மீனும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து அலையைக் குடித்துவிட்டன. நான் ரீடரை மேலே தூக்கி, கீழே இறக்கி, படாத பாடு பட்டேன். பெட்டி ஏற்றும் ஸ்டெல்லா அக்கா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலிப் பொட்டிய எண்றதுக்கு இன்னாத்துக்கு நைனா மெஷினு?"

ஆளுக்கு

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை. வாசலில் கார்டைக் காட்டினால் வருகை பதிவாகும். ஒரு மழை நாளில் சடையங்குப்பம் முழுக்க வெள்ளம். திரையைப் பார்த்தால் அந்த ஊர் ஆட்கள் அத்தனை பேரும் ஆஜர். உள்ளே போய்ப் பார்த்தால் வேலை செய்ய ஆளே இல்லை. ரீடர் பழுது என்று என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள்.

ரீடரில் ஒரு குறையும் இல்லை. அந்த ஊரிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த ஒரே ஆள் குமார், தெருக்காரர்களின் கார்டுகளையெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து வரிசையாகக் காட்டியிருந்தார். மேனேஜர் குதித்தார். குமார் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஆளு வர முடில சார். வர்ணும்னு மன்சு கீதுல்ல, அத்தத்தான் குட்த்து அனுப்சாங்க."

வண்டிக்கு

எண்ணூருக்கு வடக்கே ஒரு கண்டெய்னர் யார்டு. டிரெய்லர் கண்ணாடியில் டேக் இருந்தால்தான் கேட் திறக்கும். ராயபுரம் தாஸ் அண்ணன் வண்டிக்கு மட்டும் அடிக்கடி திறக்காது. வரிசையை விட்டு ஒதுங்கி நின்றே நேரம் போய்விடும். இன்னொரு முறை கப்பலைத் தவறவிட்டால் வண்டியை வேறு டிரைவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஓனர் சொல்லியிருந்தார். அன்றும் கேட் திறக்கவில்லை. யார்டு மூட இன்னும் கொஞ்ச நேரம்தான்.

ஏறிப் பார்த்தேன். டேக்கின் மேலேயே வேளாங்கண்ணி மாதா படம். பின்பக்கம் முழுக்க வெள்ளி நிறத் தகடு. இரும்பு என்றில்லை, எந்தத் தகடு ஒட்டியிருந்தாலும் டேக் பாதி செத்த மாதிரிதான். படத்தை எடுத்தால் டேக்கும் கிழிந்துகொண்டு வரும், புதிது வாங்க வேண்டும் என்றேன். அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னார். அதை ஒட்டியது அவர் மனைவி பிலோமினா. போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார்.

எடுக்காவிட்டால் வண்டி போகும், வண்டியோடு படமும் போகும். டீக்கடையில் வெந்நீர் வாங்கி, துணியை நனைத்து, கண்ணாடிக்கு வெளியே ஒத்தடம் கொடுத்தேன். உள்ளே என்னைத் தொடவிடவில்லை. அவரே நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தார். படம் முழுசாக வந்தது. முதுகில் டேக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது.

யார்டில் டேக் கொடுக்கும் கவுண்டரில் சண்முகம், திருநெல்வேலிக்காரர், ரூல் பேசியே பேர் வாங்கியவர். பழைய டேக்கைக் கொடுத்தால்தான் புதிது. அண்ணன் படத்தை இரண்டு கையாலும் நீட்டினார். சண்முகம் படத்தைத் திருப்பிப் பார்த்தார், பிளேடை எடுத்தார், அந்த எள்ளளவு சில்லை மட்டும் சுரண்டி எடுத்துக்கொண்டார். "டேக்கைத்தான் கேட்டேன் அண்ணாச்சி, மாதாவை இல்ல" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

புது டேக் ஒட்டியதும் கம்பி எழுந்தது. படத்தை டேக்குக்குத் தள்ளி, ஓரமாக ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன். அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். "வேணாம் நைனா. பிலோ இனிமே இங்கியே குந்திகினு வர்ட்டும்."

தொடாமலே அடையாளம் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் என்று சொல்லித்தான் இதை விற்கிறோம். தினமும் பார்த்த தாஸ் அண்ணனை அடையாளம் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சொம்பு வெந்நீர் தேவைப்பட்டது.